ஏழாம் கூத்தில் இறங்கிய வலை

அந்த ஆண்டு கஸ்தூரி வீட்டுக்கு மீன்பிடிக்க ஒதுக்கப்பட்ட இடம் ஒரு நாடகம். மற்ற நாற்பத்தொரு வீட்டுக்கும் வழக்கம்போல ஏரியில்தான் இடம் விழுந்தது. தவறு என்னுடையது. கோட்டையிலிருந்த உலாந்தா வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் பெட்டி படுக்கையோடு நாகப்பட்டினத்துக்குக் குடிபோய்விட்டார்கள். மீதிப் பேர், தங்களை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று கொத்தளத்தின் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். பழவேற்காட்டில் அப்போது பெரிய செய்தி ஒன்றும் கிடையாது. ஆகவே என் தவறு பெரிய செய்தியாயிற்று.

என் பெயர் தருமன். பெயர் வைத்தவர்களுக்கு அப்போது என்னைத் தெரியாது. கோட்டைக்குப்பத்தில் ஓலையில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் சீட்டெழுதும் வேலை எனக்கு வந்தது. ஏரி எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லா இடமும் ஒன்றல்லவே. முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். மேற்கே சேற்றுப் பக்கம் கட்டினால் கெளுத்தி முள்தான் கையில் ஏறும். அதனால் ஏரியை நாற்பத்திரண்டு பாடுகளாக, அதாவது வலை கட்டும் இடங்களாகப் பிரித்து, தை மாதத்தில் ஒரு நாள் அம்மன் கோயில் வாசலில் பானை வைத்து, பாடுகளின் பெயரெழுதிய ஓலைச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒன்றாக எடுக்கச் சொல்வார்கள். எடுத்த சீட்டு எதுவோ அதுதான் அந்த வீட்டுக்கு ஆண்டு முழுவதும். மாற்றிக்கொள்ளக் கூடாது, மறுபடி எடுக்கக் கூடாது. பானைக்குள் கை விடுவது மனிதன், சீட்டைக் கொடுப்பது அம்மன் என்பது கட்டுப்பாடு. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தனக்கு விழுந்த பாட்டில் அடுத்த தைக்குள் வலை இறக்கி மீன் தூக்காத வீட்டுக்குப் பங்கு கழிந்துபோகும். அதன் பிறகு அந்த வீட்டார் பானைப் பக்கம் வரவேண்டியதில்லை, பேரன் காலத்திலும்.

அதே நாள் மத்தியானம், அதே பானையில் இன்னொரு குலுக்கல் நடக்கும். அங்கமுத்துப் புலவர் என்று ஒருவர், கோட்டைக்கு முதல் கல் வந்து இறங்குவதற்கும் முன்னால் இந்தக் கரையில் இருந்தவர், ஒன்பது கூத்துகள் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒன்பதும் சின்னஞ்சிறு கூத்துகள். உள்நாட்டில் கூத்தென்றால் விளக்கேற்றித் தொடங்கிக் கோழி கூவும்போது முடிப்பார்கள். எங்கள் சனம் கோழி கூவுவதற்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டியது; அவர்களை ராத்திரி முழுக்க உட்கார வைத்தால் மறுநாள் ஊரே பட்டினி. வலையை இறக்கிவிட்டு அதைத் தூக்கும்வரை மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, அந்த நேரத்துக்கு அளவெடுத்துப் புலவர் எழுதினார். பட்டப்பகலில் ஈர வேட்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். வருடா வருடம் மாசியில் அவர் கண்மூடிய நாளையொட்டி மூன்று நாள் விழா, நாளைக்கு மூன்று கூத்து. ஏரியைச் சுற்றிய ஒன்பது குப்பங்களும் தோணி கட்டி வந்து, முகத்துவாரத்து மணல்திட்டில் ஆடுவார்கள். எந்தக் குப்பத்துக்கு எந்தக் கூத்து என்பதற்குத்தான் மத்தியானக் குலுக்கல்.

ஒன்பதில் ஏழாவது ‘வற்றிய ஏரி’. ஏரி வற்றிப்போய், சனங்கள் காலாலேயே அக்கரைக்கு நடந்து போகிறார்கள். ஓடக்காரன் ஒருவன் மட்டும் காய்ந்த தரையில் நிற்கும் ஓடத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டே ஆள் கூப்பிடுகிறான். மனைவி வந்து கெஞ்சுகிறாள். வழிப்போக்கனாக வரும் கோமாளி கிண்டல் செய்கிறான். கடைசியில் ஓடக்காரன் துடுப்பை ஊன்றி, “ஏறிக்குங்க, தண்ணி வருது” என்கிறான். அதோடு கூத்து முடிந்தது. தண்ணீர் வந்ததா இல்லையா என்று புலவர் எழுதவில்லை. கோமாளிக்கு அதில் இருபத்தெட்டு இடத்தில் சிரிப்பு உண்டு. நான் எங்கள் குப்பத்துக் கோமாளி. எங்களுக்கோ நான்கு ஆண்டாக இரண்டாம் கூத்தே விழுந்துகொண்டிருந்தது. அதில் கோமாளி முதல் பாட்டு முடியுமுன் செத்துப்போவான். மீதிக் கூத்து முழுக்க வாயில் மணலோடு கிடக்க வேண்டும். நான்கு ஆண்டு தொடர்ந்து செத்த மனிதன் என்ன செய்வானோ அதை நானும் செய்தேன். ஏழாம் கூத்தின் சீட்டை விரலிடுக்கில் ஒளித்துக்கொண்டேன். மத்தியானம் எங்கள் குப்பத்து ஆள் பானைக்குள் கை விடும்போது, அதை அவர் விரலுக்கு மேலாகப் போட்டுவிடுவதாக ஏற்பாடு.

காலையில் பாடுகளின் சீட்டுகளைக் குலுக்கச் சொன்னார்கள். விரலிடுக்கில் இருந்ததை மறந்துவிட்டுக் குலுக்கினேன்.

கஸ்தூரியின் கணவன் கங்காதரன் எனக்குப் பெரியப்பா மகன். முந்தைய ஐப்பசியில் வாடைக்காற்றில் தோணியோடு போய்விட்டான். ஆண் இல்லாத வீட்டுக்குச் சீட்டு உண்டா என்று நான்கு பேர் முணுமுணுத்தார்கள். அவள் கணவனின் சுத்துவலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பெண்பிள்ளைகளையும் முன்னால் விட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். வலை வந்திருக்கிறது என்றால் வீடு வந்திருக்கிறது என்றுதான் பொருள் எனப் பெரியதனக்காரர் வடிவேலு சொல்லிவிட்டார். அவள் கை விட்டாள், எடுத்தாள், என்னிடம் நீட்டினாள்.

“படி, தருமா.”

நான் படித்தேன். வேறு எதையாவது படித்திருக்கலாம். எழுத்துத் தெரிந்தவன் அங்கே வேறு எவன். ‘கொக்குத்திட்டு’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் கதையே இல்லை. பொய் சொல்ல வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் என் நாக்கு உண்மையைப் பேசிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அது அப்படி நடந்துகொண்டதில்லை.

“ஏழாம் கூத்து,” என்றேன்.

“இன்னாது?” என்றார் வடிவேலு.

“ஏழாம் கூத்து, மாமா. சீட்டு மாறி விழுந்துட்டிருக்கும். இன்னொரு வாட்டி எடுக்கட்டும்.”

“இவளுக்கு மறுபடி எடுக்கலாம்னா, போன வருசம் சேத்துப்பாடு விழுந்தப்ப நான் எடுத்திருக்க மாட்டேனா? அம்மன் குடுத்தது குடுத்ததுதான்.”

“கூத்துல எப்படி மாமா வலை எறக்கறது?”

“அத்த நீ எழுதறப்ப யோசிச்சிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். கஸ்தூரி சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வலையைத் தூக்கித் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

காலையில் ஒரு சீட்டு கூடிப்போனால் கடைசியில் ஒரு சீட்டு மிஞ்ச வேண்டும் என்பது கணக்கறியாதவனுக்கும் தெரியும். பானையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியவன் நான். நான் அப்போது தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மிஞ்சியது கொக்குத்திட்டு. மத்தியானம் அது நடுக்குப்பத்துக்காரர்கள் கையில் வந்தது. கொக்குத்திட்டு என்பது ஏரியின் நடுவே இருக்கும் ஒரு பாடு. அதைக் கூத்தாக ஆடுங்கள் என்றால் அவர்கள் பாவம் என்ன செய்வார்கள். மாசி விழாவின் இரண்டாம் நாள் அந்தக் குப்பத்து ஆண்கள் பதினொரு பேர் வந்து, மணலில் அரைவட்டமாகக் குப்புறப் படுத்தார்கள். படுத்தவர்கள் அசையவில்லை. ஒரு வலை ஊறும் நேரம் முடிவதற்குள் நாற்பது ஐம்பது கொக்குகள் இறங்கி அவர்கள் முதுகில் ஒற்றைக்காலில் நின்றன. சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. அழுதவர்களும் உண்டு. அங்கமுத்துவின் கூத்துகள் ஒன்பதா பத்தா என்று இன்று கேட்டால் பத்து என்பார்கள். பத்தாவது என் கைத்தவறு. எங்கள் குப்பத்துக்கு மறுபடி இரண்டாம் கூத்து விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழாவின் முதல் நாளே நான் செத்தேன்.

தைக்கும் மாசி விழாவுக்கும் நடுவில் நாற்பது நாள் இருந்தது. பாடு இல்லாத வீட்டுக்கு ஏரியில் வலை நனைக்க உரிமை கிடையாது. கையால் பிடிக்கத் தடை இல்லை. கரையோரத்துத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் எங்களுக்குத் தெற்கே இருந்தார்கள். பிடித்ததைப் போட, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வலைக்காரர்கள் அவர்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கஸ்தூரி அங்கே போய் இறங்கினாள். ராஜம்மா என்பவள், “வலைக்காரம்மாவுக்கு எங்க தண்ணியில இன்னா வேலை?” என்று கேட்டாள். கஸ்தூரி சீட்டைக் காட்டினாள். எழுத்துத் தெரியாத ராஜம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த பழைய பறியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து குப்பத்துத் தோணிகள் அந்தப் பக்கமாகப் போகும்போது, உள்ளே இருப்பவர்கள் வேறு திசையில் பார்த்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு இரக்கம் அவர்களிடம் இருந்தது.

நான் தினமும் போய்க் கரையில் நிற்பேன். “அண்ணி, தப்பு என்னுது. கோவமா கீறியா?” என்று கேட்பேன். பல்லில் பறி இருப்பதால் அவளால் பேச முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பறியை எடுத்த பிறகு கேட்டாலும், “வெயில் ஏறுது, தள்ளி நில்லு, நெழல் விழுது, இறால் ஓடுது,” என்றுதான் பதில் வரும். ஒரே மூச்சில் நான்கு சேதி, நான் கேட்டது ஒன்றும் அதில் இராது.

விழாவின் மூன்றாம் நாள் காலை, முதல் கூத்தாக ஏழாவது வரவேண்டும். அது கஸ்தூரி வீட்டுச் சொத்து. அவள் உத்தரவு இல்லாமல் எந்தக் குப்பமும் தொடக்கூடாது. ஆடுவதற்கு ஆளை அவளே பொறுக்கினாள். ஓடக்காரனுக்கு வரதன், மணல் வீடு கட்டித் தருகிறேன் என்று அவன் சொன்னாலும் ஊர் நம்பும், அப்படிப்பட்ட குரல். மனைவி வேடத்துக்கு அவன் மைத்துனன் லோகநாதன். மீசையை எடுக்க முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால் முக்காடு போட்டு ஆடினான். கோமாளிக்கு என்னைப் பார்த்து, “நீ வா,” என்றாள். எத்தனை ஆண்டாக நான் கேட்கக் காத்திருந்த சொல். அப்போது காதில் விழுந்தபோது பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பாட்டில் வலை இறக்க வேண்டும் என்பதுதானே கட்டுப்பாடு. அவள் ஆட்டக்களத்துக்கு நடுவில், காய்ந்த மணலில், நான்கு கழிகளை ஊன்றிச் சுத்துவலையைக் கட்டினாள். அதற்குள்ளேதான் ஓடம் நின்றது, அதற்குள்ளேதான் நாங்கள் ஆட வேண்டும். இரண்டு நாளாகச் சிரிப்புக்கு ஏங்கியிருந்த சனம் நான் வாயைத் திறக்குமுன்பே சிரித்தது. கஸ்தூரியின் சின்னவள் அம்மாவின் வலைமுனையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். சிரிப்பு எழுதியிருந்த இருபத்தெட்டு இடங்களில் முப்பத்தொரு முறை சிரிப்பு வந்தது. வரதன் துடுப்பை ஊன்றி, “ஏறிக்குங்க, தண்ணி வருது,” என்றான்.

தண்ணீர் வந்தது. கிழக்கே கடலிலிருந்தும் வரவில்லை, மேற்கே ஏரியிலிருந்தும் வரவில்லை. காலடியில் மணலிலிருந்து எழுந்து, முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கூத்து முடிந்ததா இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஓடம் அசைந்தது. கஸ்தூரி இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலையைச் சுற்றி வந்து தூக்கினாள். இறால் ஒன்றேகால் கூடை, நண்டு பதினாறு, மடவை ஒரு கைப்பிடி, கோட்டைக்காரர்களின் சாராயக் குப்பி ஒன்று. வடிவேலு எழுந்து வந்து, தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு ஏரித் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு.

“பாடு மோசமில்ல. சேத்துப்பாட்டுக்கு இது தேவல,” என்று சொல்லிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனார். அவர் போவதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கடைசி ஆள் எழுந்ததும் தண்ணீர் வந்த வழியே இறங்கிப்போயிற்று. எட்டாம் கூத்துக்காரர்கள், களம் ஈரமாக இருக்கிறது, வேடம் வழுக்கும் என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டைதான் அன்றைக்கு ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது.

ஒரு நாள் மீன் ஒரு நாளைக்குத்தான். ஒரு முறை வலை இறக்கினால் பங்கு நிற்குமா, மற்ற பாடுகளைப்போல ஆண்டு முழுக்க இறக்க வேண்டுமா என்று கேள்வி வந்தது. நாற்பத்தொரு வீட்டார் மாதத்துக்கு இருபத்தைந்து நாள் நனைகிறார்கள், ஒருத்திக்கு மட்டும் ஒரு நாளா என்றார்கள். வடிவேலு அதுவும் நியாயம்தான் என்றார். அவருக்கு எல்லாமே நியாயமாகத்தான் தெரியும், அதுதான் அவருடைய தொந்தரவு. ஆகவே கஸ்தூரியின் வீடு பானையில் நிலைக்க வேண்டுமானால், ‘வற்றிய ஏரி’யை மாதம் இருபத்தைந்து நாள், அடுத்த தை வரைக்கும் ஆடியாக வேண்டும். வரதனும் லோகநாதனும் தங்கள் வலையை விடியுமுன் முடித்துவிட்டு வந்தார்கள். நான் என் வலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தேன். பார்ப்பதற்கு ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்தால் தண்ணீர் போய்விடும் என்பதால், ராஜம்மாவும் அவள் ஆட்களும் பறியோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்காருவதில் வல்லவர்கள்.

அந்த ஆண்டு கூத்தைப்பற்றி நான் கற்றுக்கொண்டதைப் புலவரே கற்றிருக்க மாட்டார். பார்க்கிறவர்கள் சிரித்தால் இறால் வந்தது. புன்னகையோடு நிறுத்திக்கொண்டால் நண்டு. வரதனுக்குச் சளி பிடித்து அவன் குரல் கம்மிய அன்று தண்ணீர் கணுக்காலோடு நின்றுவிட்டது. லோகநாதன் நிஜமாகவே வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து, முக்காட்டுக்குள் கண் கலங்கிக் கெஞ்சிய அன்று இரண்டு கொடுவா விழுந்தன. அதற்கப்புறம் அவன் மனைவியிடம் வேண்டுமென்றே வம்புக்குப் போக ஆரம்பித்து, ஊர் கூடி நிறுத்த வேண்டியதாயிற்று. வைகாசிக்குள் என் இருபத்தெட்டு சிரிப்பும் தேய்ந்துபோயிற்று. ராஜம்மா என் வாயைப் பார்த்து, எனக்கு முன்னால் வசனத்தைச் சொல்லிவிடுவாள். வெறும் கெளுத்தி வந்தது. அதன் பிறகு கெளுத்தியும் வரவில்லை. கஸ்தூரி காலி வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, “நாளைக்குப் பாக்கலாம்,” என்றாள். அந்தக் குரலில் குற்றம் சொல்வது இல்லை. இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

புதுச் சிரிப்பு வேண்டும். குப்பத்தில் உள்ள எல்லாரையும் கிண்டல் செய்து தீர்த்துவிட்டேன், கோட்டைக்காரர்களின் தொப்பியையும் தீர்த்துவிட்டேன். ஆனி மாதம் ஒரு நாள், கையில் வேறு சரக்கில்லாமல், நடந்ததையே சொன்னேன். நான்கு ஆண்டு செத்ததை, விரலிடுக்கில் சீட்டை ஒளித்ததை, தலைமேல் குலதெய்வம் நிற்கிறாற்போல முகத்தை வைத்துக்கொண்டு பானையைக் குலுக்கியதை, ஆம்பளை இல்லாத வீடாகப் பார்த்து நான் குழி வெட்டியதை, ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லச் சனம் புரண்டு புரண்டு சிரித்தது. வடிவேலு சிரிப்பில் இருமல் வந்து நெஞ்சைத் தட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று வந்த தண்ணீர் இடுப்பளவு. வலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கொடுவா. “இத்த எங்கடா புடிச்ச, பொய்யனே? தெனமும் இத்தயே சொல்லு,” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தினமும் அதையே சொன்னேன். ஏழு மாதம், நாள் தவறாமல், ஊர் நடுவில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டவன் என்னைத் தவிர இந்தக் கரையில் எவனும் இருக்க மாட்டான். ஒருவரும் நம்பாததும் என்னைத்தான்.

கோட்டைக்குத் தலைவரான கப்பித்தானுக்குச் சேதி போயிற்று. ஆடுவதை உள்ளே வந்து ஆட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். கஸ்தூரி வலையோடு போனாள், நாங்களும் போனோம். உள்முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் லோகநாதனின் மீசையைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்கள். வரதன் துடுப்பை ஊன்றியபோது தண்ணீர் முற்றத்தில் நிற்காமல் படியிறங்கி வெடிமருந்து அறைக்குள்ளும் போய்விட்டது. தூக்கிய வலையில் மீனோடு கப்பித்தானின் ஒரு செருப்பும் இருந்தது, கஸ்தூரி அதைத் துடைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்துக்குள் மேற்படி கூத்தை ஆடக்கூடாது என்று தமுக்கடித்தார்கள். நனைந்த மருந்து காயும்வரை குண்டு போட்டு அந்தத் தூரத்தை யாரும் அளந்து பார்க்க முடியவில்லை. எங்கள் மணல்திட்டு அதற்குள்தான் இருந்தது. நாங்கள் ஆடிக்கொண்டே இருந்தோம்.

தை வந்தது. பானையைச் சுற்றிச் சனம் நின்றது. கஸ்தூரி வலையோடு வந்தாள். வடிவேலு கேட்டார்: “வலை எறக்கினாளா?” எறக்கினாள் என்றது ஊர். “மீன் தூக்கினாளா?” தூக்கினாள். “அப்ப இன்னாத்துக்கு நிக்கிறீங்க, கைய வுடச் சொல்லு.” அவ்வளவுதான். பங்கு நிலைத்தது. அந்த ஆண்டு அவளுக்கு முகத்துவாரத்துக்கு இரண்டு பாடு தள்ளி நல்ல இடமே விழுந்தது. மீன் வருகிற இடத்தைச் சும்மா விடுவது முறையில்லை என்று ஏழாம் கூத்தையும் பாடுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆக நாற்பத்து மூன்று பாடு, நாற்பத்திரண்டு வீடு. கூடுதலாக உள்ள ஒரு சீட்டை ராஜம்மா வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று கஸ்தூரி ஒற்றைக்காலில் நின்றாள். கையால் பிடிக்கிறவர்களுக்கு வலைப்பாடா என்று இரண்டு ஆண்டு சண்டை நடந்தது; மூன்றாம் ஆண்டு சண்டை போட்டவர்களுக்கு அலுத்துவிட்டது. அந்தத் தையில் ராஜம்மா பானைக்குள் கை விட்டாள்.

அதிலிருந்து பதினோரு ஆண்டு. கோட்டையில் நான்கு கப்பித்தான்கள் வந்து போனார்கள், ஒருவர் இங்கேயே கல்லறைக்குப் போனார். முகத்துவாரம் ஒருமுறை அடைத்துக்கொண்டது, ஊர் கூடி வெட்டித் திறந்தது. கஸ்தூரியின் பெரியவளுக்கு ஆண்டிக்குப்பத்தில் கல்யாணம் ஆயிற்று. ஏழாம் கூத்து யாருக்கு விழுந்தாலும் எங்கள் மூவரைத்தான் கூப்பிட்டார்கள். முகத்துவாரத்தைவிடக் குறைவு, கொக்குத்திட்டைவிட மேல் என்று அதற்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. வேறு பாடு கிடைத்தவர்கள் மாற்றிக்கொள்ளலாமா என்று ஏங்குவார்கள். கூத்து கிடைத்தவர்கள், வரதனுக்கு வயதாகிறது, இந்தப் பாடு தூர்ந்துகொண்டு வருகிறது என்று குறைசொல்வார்கள்.

தப்பு என்னுடையதா இல்லையா என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். வடிவேலு, “எல்லாம் அம்மன் செயல்டா,” என்றார். பூசாரியும் அதையே சொன்னார், அவருக்கு அப்படிச் சொல்லாமல் வழியில்லை. வரதன், “நல்லாதான முடிஞ்சிச்சி மச்சான், இன்னும் இன்னாத்துக்கு நோண்டினுகீற,” என்றான். ராஜம்மா சிரித்தாள். கோட்டையில் கணக்கெழுதுகிற வெள்ளைக்காரனிடம்கூட, துபாஷியை வைத்துக்கொண்டு கேட்டேன். அவன் நீளமாக ஏதோ சொன்னான், இந்த ஊரில் வெயில் அதிகம் என்று சொல்வதாகத் துபாஷி சொன்னான். விளைவு நன்றாக இருந்துவிட்டால் செய்தவனுக்கு அவன் குற்றத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

பதினோராம் ஆண்டு ஏழாம் கூத்து மறுபடி கஸ்தூரிக்கே விழுந்தது. மாசி விழாவில் ஆடினோம். தண்ணீர் வந்து நின்றது. நான் வேடத்தோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் வலைக்குள் குனிந்து, நண்டின் கொடுக்கை விலக்கிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக இந்தக் கேள்வியைக் கேட்கும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வேன், எதிரில் இருப்பவர் சிரித்துத் தப்பிக்க ஒரு வழி இருக்கும். அன்று அப்படி வைத்துக்கொள்ள முகம் ஒத்துழைக்கவில்லை.

“அண்ணி, சீட்ட நான் வெரல்ல ஒளிச்சி வெச்சிருந்தேன். கூத்துக்காகச் சொல்லல, நெசமாவே. தப்பு என்னுதா, இல்லியா?”

அவள் நண்டைக் கூடையில் போட்டாள். நிமிர்ந்தாள்.

“உன்னுதுதான்,” என்றாள். “அம்மனும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. நீதான் பண்ண. அப்ப சின்னவ தெனமும் காலைல கேப்பா, நம்ம பாடு எங்கம்மா கீதுன்னு. ஏரிக்கு அந்தாண்ட கீது, பெரிய பாடு, போவ ரெண்டு நாளு ஆவும்னு சொல்லுவேன். அதுவும் நம்பிக்கினு ஊரு முச்சூடும் பெருமையா சொல்லினு திரிஞ்சிது. பெத்த புள்ளைகிட்ட அப்படி பொய் சொல்ல வெச்சியே, அத்த நெனச்சி ரொம்ப நாளு உன் மூஞ்சில முழிக்கவே புடிக்கல எனக்கு.”

“இப்ப?”

“இப்ப அப்படி இல்ல. அந்த முனையப் புடி, சனம் எழுந்துடப் போவுது.”

பிடித்தேன்.